ஆறேகால் மணி வகுப்பு: மாலைநேரக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு மாலையில் பாடம் நடத்தும் பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும், அந்த வகுப்புகளுக்கு அட்டவணை போடும் முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

கோவையில் பகல் ஷிப்டை முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆறேகால் மணிக்கு வகுப்பில் வந்து உட்காருகிறவர்களைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். டிப்ளமோ முடித்து, ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ஏழு செமஸ்டர், அதாவது மூன்றரை வருடம், பகுதிநேர பி.இ. படித்தேன். அப்புறம் எம்.இ. முடித்து, இப்போது பதினோரு வருடமாக அதே மாதிரி ஒரு மாலை வகுப்பில் பாடம் நடத்துகிறேன்.

2023-24 கல்வியாண்டிலிருந்து பணிபுரிவோருக்கென்று தனி வகுப்புகள் தொடங்க, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ அனுமதி தந்திருக்கிறது. பல கல்லூரிகளில் இந்த வகுப்புகள் இளம் ஆசிரியர்கள் கையில்தான் வந்து சேருகின்றன. பகலில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நான்கு மணி நேரம் நடத்திவிட்டு, அதே நோட்ஸோடு மாலையிலும் நிற்கிறார்கள். சில மாதம் போனதும் என்னிடம் சொல்கிறார்கள்: "சார், அவங்க கவனிக்கவே மாட்டேங்கிறாங்க. தூங்குறாங்க, போனைப் பார்க்கிறாங்க. கேள்வி கேட்டா வாயே திறக்கிறதில்லை."

அவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று எனக்குத் தெரியும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் பி.இ. சேர்ந்தபோது எனக்கு 27 வயது. என் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு 39. ஒரு ஃபவுண்டரியில், அதாவது இரும்பு வார்ப்பாலையில், உருக்கும் பிரிவில் சூப்பர்வைசர். முதல் செமஸ்டரில் ஒருநாள் ஆசிரியர் போர்டில் இரும்பு-கார்பன் வரைபடத்தைப் போட்டுவிட்டு, வெள்ளை வார்ப்பிரும்பு என்றால் என்ன என்று அவரை எழுப்பிக் கேட்டார். அவர் எழுந்து, "அது வந்துங்க சார், உலையிலிருந்து ஆப்பு மாதிரி ஒரு துண்டு ஊத்தி, உடைச்சுப் பார்ப்போமுங்க..." என்று ஆரம்பித்தார். ஆசிரியர் பாதியில் நிறுத்தி, "கதையெல்லாம் வேண்டாம், டெஃபனிஷன் சொல்லு" என்றார். அவருக்கு டெஃபனிஷன் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாடத்தில் அதன்பிறகு அவர் பேசி நான் கேட்டதில்லை. இரண்டாவது செமஸ்டரோடு நின்றுவிட்டார். அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. அது எங்கும் நடக்கக்கூடியது.

அவர் சொல்ல வந்தது என்ன என்று பாருங்கள். ஆப்பு வடிவத்தில் ஒரு சின்னத் துண்டை வார்த்து, ஆறவிட்டு, உடைத்தால், மெல்லிய முனை சீக்கிரம் குளிர்ந்து வெள்ளையாக இருக்கும். தடித்த பக்கம் மெதுவாகக் குளிர்ந்து சாம்பல் நிறமாக இருக்கும். வெள்ளை எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்து, சிலிக்கான் சேர்க்க வேண்டுமா, அப்படியே அச்சில் ஊற்றலாமா என்று முடிவு செய்கிறார்கள். கார்பன் கிராஃபைட்டாகப் பிரிகிறதா, இரும்போடு சேர்ந்த கடினமான சிமென்டைட்டாகவே நின்றுவிடுகிறதா என்பதுதான் அன்றைய பாடம். அந்த மனிதர் தினமும் அந்தப் பாடத்தைக் கையில் உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஐந்து நிமிடம் பேச விட்டிருந்தால் வகுப்பில் இருந்த நாற்பது பேருக்கும் அந்த வரைபடம் ஆயுளுக்கும் மறந்திருக்காது.

நான் உங்களிடம் கேட்பது இதைத்தான். அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து வகுப்பைத் தொடங்குங்கள். மற்ற எல்லாம் இதற்குப் பின்னால் வருவது.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன விஷயம். "சொல்லு" என்று அந்த ஆசிரியர் சொன்னதைக் கவனித்தீர்களா? கொங்கு நாட்டில் வீட்டுக் குழந்தையைக்கூட "வாங்க, போங்க" என்று கூப்பிடுகிற வழக்கம் உண்டு. கம்பெனியில் இருபது பேர் "அண்ணா" என்றும் "சார்" என்றும் கூப்பிடுகிற ஒருவரை, அவரைவிடப் பத்து வயது இளையவர் வகுப்பில் "நீ எழுந்திரு" என்றால், அவர் எழுந்திருப்பார். ஆனால் மனதளவில் அந்த அறையை விட்டு அப்போதே போய்விடுவார். "நீங்க" என்று சொல்வதால் நம் மரியாதை குறையாது. வகுப்பில் ஒரே ஒருவர் வயதில் பெரியவராக இருந்தாலும் எல்லோரையும் "நீங்க" என்றே அழைத்துவிடுங்கள். நான் முதல் நாளிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

சரி, தெரிந்ததிலிருந்து தொடங்குவது எப்படி? என் பாடம் ஹைட்ராலிக் மெஷினரி என்பதால் அதிலிருந்தே ஒரு மாலையைச் சொல்கிறேன்.

சென்ட்ரிஃபியூகல் பம்பு அத்தியாயத்துக்குள் நுழையும் அன்று நான் போர்டில் எதுவும் எழுதுவதில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: "பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. டெலிவரி வால்வை மெல்ல மூடுகிறீர்கள். மோட்டார் இழுக்கும் ஆம்பியர் ஏறுமா, இறங்குமா?" கை தூக்கச் சொல்வேன். மெஷின் ஷாப்பிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஏறும் என்பார்கள். தண்ணீர் போக வழியில்லை, மோட்டார் திணறும் என்பது அவர்கள் கணக்கு. டெஸ்டிங்கில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே, "இறங்குமுங்க, தினமும் மீட்டரில் பார்க்கிறோம்" என்பார்கள். பத்து நிமிடம் சண்டை நடக்கும். நான் குறுக்கே போவதில்லை. யாராவது ஒருவர், "அப்புறம் ஏனுங்க இறங்குது?" என்று கேட்கும்வரை காத்திருப்பேன். அந்தக் கேள்வி அவர்கள் வாயிலிருந்து வந்த பிறகுதான் சாக்பீஸை எடுப்பேன். தண்ணீரைத் தூக்குவதுதான் வேலை. தூக்கும் அளவு குறைந்தால் வேலையும் குறைகிறது. அங்கிருந்து பம்பின் செயல்திறன் வளைகோடுகளுக்குப் போனால், அவை அவர்களுடைய மீட்டரின் படமாகவே தெரியும்.

ஒருமுறை அந்த விவாதத்தில் ஒரு டர்னர் சொன்னார்: "ஆம்பியர் ஜாஸ்தி காட்டினா இம்பெல்லரை எங்ககிட்டதான் அனுப்புவாங்க சார். வெளிவட்டத்தில் ரெண்டு மூணு மில்லி எடுத்துக் குடுப்போம், சரியாயிடும்." இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம். அதைப் பன்னிரண்டு வருடமாகக் கடைந்து கொடுத்திருக்கிறார். எவ்வளவு எடுத்தால் எவ்வளவு இறங்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. "விட்டத்தில் பத்து சதவீதம் எடுத்தால் பவர் எத்தனை சதவீதம் குறையும்?" என்று கேட்டேன். பத்து என்றார்கள், பதினைந்து என்றார்கள். விட்டத்தின் வர்க்கப்படி ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்) குறையும், கனப்படி பவர் குறையும். 0.9ஐ மூன்று முறை பெருக்கச் சொன்னேன். 0.729. ஏறத்தாழ 27 சதவீதம். அந்த டர்னர் தன் போனில் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தார்.

மறுவாரம் அவர் ஒரு தாளோடு வந்தார். தன் கம்பெனியில் டெஸ்டிங் ஆளிடம் கேட்டு, கடைவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைக் குறித்திருந்தார். சூத்திரம் சொன்ன அளவுக்கு ஆம்பியர் இறங்கவில்லை, சூத்திரம் தப்பா என்று கேட்டார். எனக்கு அந்த வருடத்தின் மிக நல்ல நாள் அதுதான். சூத்திரம் ஒரு தோராயம். இம்பெல்லரைக் கடைந்தால் அதற்கும் அதைச் சுற்றியிருக்கும் கேசிங்குக்கும் நடுவில் இடைவெளி கூடி எஃபிஷியன்சி கொஞ்சம் விழும். அதோடு, மோட்டார் லோடு குறையும்போது பவர் ஃபாக்டரும் (இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்கு உதவும் பங்கு) விழுவதால், ஆம்பியர் பவரின் அளவுக்கே இறங்காது. பம்புப் பாடத்தில் தொடங்கி மோட்டார் பாடத்துக்கு அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த இரண்டு வாரமும் என் வகுப்பில் யாரும் தூங்கவில்லை.

எல்லாப் பாடத்துக்கும் இப்படி ஒரு வாசல் இருக்கிறது. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்களிடம், கோடையில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரை ஏன் கிணற்றுக்குள் இறக்கிவைக்கிறார்கள் என்று கேளுங்கள். காற்றழுத்தம் 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தாங்கும், நடைமுறையில் ஏழு மீட்டரைத் தாண்டுவதே பெரும்பாடு என்பதை அவர்கள் அப்பா கயிறு கட்டி இறங்கியதை வைத்தே புரிந்துகொள்வார்கள். உங்கள் பாடத்தின் வாசல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் வகுப்பில் யாருக்காவது தெரியும். முதல் வாரமே ஒவ்வொருவரிடமும், எங்கே வேலை, என்ன மெஷின், எது அடிக்கடி பழுதாகிறது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். செமஸ்டர் முழுக்க என் உதாரணங்கள் அதிலிருந்துதான் வருகின்றன.

வளர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிய வேலை இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கல்குவாரியிலும் வயலிலும் பாடுபட்ட பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். வேலைக்குப் போகவும் தண்ணீர் எடுக்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் சைக்கிள் தேவைப்பட்டது. வாழ்க்கைக்கு வேண்டியதும் பாடமும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் ராத்திரியில் அரிக்கேன் விளக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். கோவையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஜி.டி. நாயுடு மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. பட்டறையில் கற்றது அறிவில்லை என்று இந்த ஊர்க் கல்லூரியில் ஒருவருக்குத் தோன்றச் செய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

களைப்பைப் பற்றி. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர் நாலரைக்கு எழுந்தவர். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் கண் மூடினால் அது அவமரியாதை ஆகாது. என் அனுபவத்தில், களைத்தவரால் கேட்டுக்கொண்டே இருக்க முடியாது, ஆனால் கையால் செய்ய முடியும். அதனால் டெரிவேஷன், விளக்கம் எல்லாவற்றையும் ஏழரைக்குள் முடித்துவிடுகிறேன். ஒரு டீ. அதன்பிறகு இரண்டிரண்டு பேராகக் கணக்குப் போடுவது மட்டும்தான். எட்டேமுக்காலுக்குக்கூடப் பேச்சுச் சத்தம் இருக்கும். போனை மேசைமேல் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். லைன் நின்றுவிட்டது என்று கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தால் வெளியே போய்ப் பேசிவிட்டு வரட்டும். அந்த அழைப்பை எடுக்காவிட்டால் மறுநாள் யார் பதில் சொல்வது?

இன்னொன்று. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. ஒரே கம்பெனியின் ஃபோர்மேனும் அவருக்குக் கீழே வேலை பார்க்கிற பையனும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். பையன் போன வருடம்தான் டிப்ளமோ முடித்தவன், கணக்கு நினைவில் இருக்கும். ஃபோர்மேன் இன்டக்ரேஷனைத் தொட்டுப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும். எம்-ஒன் என்ற முதல் கணிதப் பேப்பரில் பையனுக்கு 38, ஃபோர்மேனுக்கு 11. இதை வகுப்பில் சத்தமாக வாசித்தால் என்ன ஆகும்? மறுநாள் ஷாப் ஃப்ளோரில் அந்த 11 முதலில் போய் நிற்கும். மதிப்பெண்ணைத் தனியாகக் கொடுங்கள். போர்டுக்குத் திடீரென்று கூப்பிடாதீர்கள். கணிதம் நடத்துகிறவர்களை இன்னும் ஒன்று கேட்கிறேன்: முதல் இரண்டு வாரத்தை மறந்ததை நினைவுபடுத்துவதற்கென்றே ஒதுக்குங்கள். போர்ஷன் முடியாது என்பீர்கள். அந்த இரண்டு வாரம் இல்லாமல் போர்ஷன் முடிந்து, பாதி வகுப்பு அரியரில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பீஸ் ரேட்டை மனக்கணக்காகப் போடுகிறவருக்கு மூளையில் குறை ஒன்றும் இல்லை, பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது.

தேர்வைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது, அதை நம்மால் மாற்ற முடியாது. யோசிப்பது தமிழில் நடக்கட்டும். பேரிங், சாஃப்ட், காலிப்பர், டாலரன்ஸ் எல்லாம் பட்டறைத் தமிழாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அவற்றை வைத்துத் தமிழிலேயே விவாதித்து, கடைசிப் பத்து நிமிடம், "இதையே தேர்வில் எப்படி எழுதுவோம்?" என்று ஆங்கிலத்தில் நான்கு வரி சேர்ந்து எழுதிப் பாருங்கள். முதல் நிமிடத்திலிருந்தே ஆங்கிலம் என்றால் சந்தேகம் கேட்கக்கூட மாட்டார்கள்.

வகுப்பைச் சுவாரஸ்யமாக்க வேண்டும் என்று பயிற்சி முகாம்களில் சொல்லிக்கொடுக்கும் சார்ட் பேப்பர், விளையாட்டு, நாடகம் எல்லாம் மாலை வகுப்புக்கு வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. நானே ஒருமுறை செய்து பார்த்தேன். நாற்பது வயதுக்காரர் ஸ்கெட்ச் பேனாவோடு தரையில் உட்கார்ந்து சங்கடப்பட்டதைப் பார்த்து நிறுத்திவிட்டேன். தேய்ந்துபோன ஒரு இம்பெல்லரை மேசைமேல் வையுங்கள். போதும்.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். தன் ஃபவுண்டரியில் வார்ப்பில் ஓட்டை விழுந்து தினமும் எத்தனையோ உருப்படி கழிவாகிறதே என்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிற ஒருவர், கல்லூரிக்கு வந்ததும் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து ஒரு ரெடிமேட் மாடலை வாங்கி வருகிறார். ஏன்? அவர் சொன்ன பிரச்சினை "சின்ன டாபிக்" என்று கைடு தள்ளிவிட்டார். ஆட்டோமேஷன் என்றோ, ஸ்மார்ட் என்றோ தலைப்பில் ஒரு சொல் இருந்தால்தான் ரிவ்யூவில் மதிப்பு. மண்ணின் ஈரப்பதத்தையும், ஊற்றும் வெப்பநிலையையும், எந்த ஷிப்டில் எத்தனை கழிவு என்பதையும் மூன்று மாதம் குறித்து, காரணத்தைத் தேடிப் போவதைவிடப் பெரிய பொறியியல் என்ன இருக்கிறது? கம்பெனி விவரம் வெளியே போகக்கூடாது என்ற தயக்கம் நியாயமானது. நிர்வாகத்திடம் கடிதம் வாங்கிக்கொள்ளலாம், பெயரையும் டிராயிங்கையும் விட்டுவிடலாம். நான் வழிநடத்தும் குழுக்களுக்கு ஒரே விதிதான்: பிரச்சினை உங்கள் வேலை இடத்திலிருந்து வர வேண்டும். சில குழுக்கள் தோற்றிருக்கின்றன. தோற்ற காரணத்தை அவர்கள் எழுதிய அறிக்கைகள்தான் என் அலமாரியில் இருப்பதில் மிக நல்லவை.

இனி, முதல்வர்களுக்கு. ஆசிரியர் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் அவரால் தீர்க்க முடியாத ஒன்று உண்டு. மூன்று ஷிப்ட் நடக்கும் கம்பெனியில் வாராவாரம் ஷிப்ட் மாறும். ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பத்து, பத்திலிருந்து ஆறு. இரண்டு மணி ஷிப்ட் வாரத்தில் மாலை வகுப்புக்கு வரவே முடியாது. மூன்று வாரத்தில் ஒரு வாரம் போய்விட்டால் மிச்சம் ஏறத்தாழ 67 சதவீதம். பல்கலைக்கழகம் கேட்கும் வருகைப்பதிவு 75. அதாவது, ஒருநாள்கூட லீவு போடாமல், ராத்திரி ஷிப்டுக்குப் போகும் முன்னும் வகுப்பில் உட்கார்ந்து, காய்ச்சலோடும் வருகிற ஒருவர்கூட விதிப்படி தகுதி இழக்கிறார். நடப்பில் என்ன செய்கிறார்கள்? கூட வேலை செய்பவர்களிடம் கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை போய் நிற்கிறார்கள். அதுவும் முடியாதவர்கள் பாதியில் நிற்கிறார்கள், நாம் ஆர்வமில்லை என்று எழுதிவிடுகிறோம். பம்பு ஊரில் இதற்கு மேலும் ஒன்று. கோடை வந்தால் ஆர்டர் ஏறும், ஓ.டி. கட்டாயமாகும். செமஸ்டர் தேர்வும் ஏப்ரல், மே மாதத்தில்தான் வருகிறது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒவ்வொரு பாடத்திலும் வாரத்துக்கு ஒரு வகுப்பை சனிக்கிழமை காலையில் மறுபடி நடத்துங்கள். இரண்டு மணி ஷிப்டில் இருப்பவர்கள் வேலைக்குப் போகும் வழியில் வந்துவிட்டுப் போவார்கள். அந்த வருகை கணக்கில் சேரட்டும், நடத்தும் ஆசிரியருக்கு அதற்கான சம்பளம் சேரட்டும். அவரும் காலை ஒன்பதிலிருந்து நின்றுகொண்டிருப்பவர்தான். சேர்க்கையின்போதே ஷிப்ட் விவரத்தைக் கேட்டு வாங்கி, கம்பெனிகளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேர்வு மாதத்தில் இவருக்குப் பகல் ஷிப்ட் கொடுங்கள் என்று கல்லூரி லெட்டர்பேடில் போனால் பல எச்.ஆர். அலுவலர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். நான் படித்த காலத்தில் என் மேனேஜருக்கு அப்படி ஒரு கடிதம் போயிருந்தால், மூன்றாவது செமஸ்டரில் எனக்கு நான்கு அரியர் விழுந்திருக்காது.

அடுத்த செமஸ்டருக்கான அட்டவணை இந்த மாதக் கடைசியில் தயாராகும். சனிக்கிழமை காலைக்கு ஒரு கட்டத்தை இப்போதே காலியாக விட்டு வையுங்கள். என் பாடத்துக்கு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாலைநேர ஆசிரியர்,
கோயம்புத்தூர்